காரணம் எழுதப்படாத கட்டம்: படைவீரர் ஊன ஓய்வூதிய மறுப்புகளும் அவற்றை எதிர்க்கும் வழிகளும்

இந்தியப் படைகளில் பணியாற்றும் காலத்தில் நோயாலோ காயத்தாலோ உடல்திறனில் ஒரு பகுதியை இழந்தவருக்கு அரசு வழங்கும் ஊன ஓய்வூதியம், படையினர் பேச்சில் ‘டிஸ்எபிலிட்டி பென்ஷன்’ எனப்படுவது, விதிகளில் எழுதி வைக்கப்பட்ட ஓர் உரிமையாகும். அந்த உரிமை மறுக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்குகளின் தீர்ப்புகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒரு செய்தி புலப்படும். மறுப்பாணைகளில் உள்ள பிழை பெரும்பாலும் நோயைக் கண்டறிவதில் நேர்ந்த பிழையாக இருப்பதில்லை. நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் அரசின் தோளில் வைத்திருக்க, நிர்வாகப் பழக்கம் அதைச் சத்தமில்லாமல் நோயாளியின் தோளுக்கு மாற்றிவிடுவதே பிழையின் வேராக இருக்கிறது. அந்த மாற்றம் எங்கே, எந்தத் தாளில், எவ்வாறு நிகழ்கிறது என்பது தெரிந்தால்தான் மறுப்பாணையை எதிர்ப்பவர் எதை எதிர்க்கவேண்டும் என்பதும் தெளியும்.

தரைப்படைக்கான 1961ஆம் ஆண்டின் ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின் 173ஆம் பிரிவு இரண்டு நிபந்தனைகளை விதித்தது. ஊனம் படைப்பணியால் விளைந்ததாகவோ, முன்பே இருந்து படைப்பணியால் மோசமானதாகவோ இருக்கவேண்டும் என்பது முதலாவது. அதன் அளவு 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது இரண்டாவது. ஓய்வூதியத் தொகையும் இரு கூறுகளால் ஆனது. பணிக்காலத்துக்கு உரியது பணிக்கூறு, ஊனத்துக்கு உரியது ஊனக்கூறு. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் வந்த ஆணைகளின்படி நூறு விழுக்காடு ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு ஊனக்கூறாகும். ஊனம் குறையக் குறைய அதுவும் குறையும். 1996 ஜனவரி முதல் பணியைவிட்டு மருத்துவக் காரணத்தால் விலக்கப்பட்டோருக்கு 50 விழுக்காட்டுக்குக் குறைந்த ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை வந்தது. வயது முதிர்ந்தோ பணிக்காலம் முடிந்தோ ஓய்வு பெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 விழுக்காடு ஊனம் 50 ஆகக் கணக்கிடப்பட்டு மாதம் 6,000 ரூபாய் ஊனக்கூறாகக் கிடைக்கும். அதே ஊனத்தை மருத்துவ வாரியம் ‘15 முதல் 19 விழுக்காடு’ என்று குறித்துவிட்டால், பணிக்காலம் முடிந்து வெளியேறுபவருக்கு ஊனக்கூறு அறவே கிடையாது. உயர்த்திக் கணக்கிடும் முறை 20ஐத் தொடாதவர்களுக்கு உதவாது என்பதை 2019 டிசம்பரில் விங் கமாண்டர் ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மருத்துவர் ஒருவரின் மதிப்பீட்டில் ஓர் எண் கூடுவதும் குறைவதும் ஒரு குடும்பத்தின் மாத வரவை இவ்வளவு தூரம் மாற்றுமென்றால், அந்த எண்ணுக்குப் பின்னால் எழுதப்படும் காரணத்துக்கு எத்தனை மதிப்புத் தரவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். சிப்பாய்களுக்குச் சாதாரண ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுப் பணி வேண்டும் என்பதால், எட்டு ஒன்பது ஆண்டுகளில் ‘போர்டு அவுட்’ ஆகிறவருக்கு, அதாவது மருத்துவ வாரியத்தின் பரிந்துரைப்படி வீட்டுக்கு அனுப்பப்படுகிறவருக்கு, ஊன ஓய்வூதிய மறுப்பு என்பது பல காலம் வரை ஓய்வூதியமே இல்லை என்பதற்குச் சமமாக இருந்தது.

முடிவெடுக்கும் வழி பல படிகளைக் கொண்டது. இடையில் விலக்கப்படுகிறவரை விலக்கல் மருத்துவ வாரியமும், ஓய்வு பெறுகிறவரை விடுவிப்பு மருத்துவ வாரியமும் பரிசோதித்து, ஒவ்வொரு நோய்க்கும் அது பணியால் விளைந்ததா, பணியால் மோசமானதா, பணியோடு தொடர்பில்லாததா என்று கருத்துரைக்கின்றன. அதன் அடிப்படையில் உரிய அதிகாரி ஓய்வூதியத்தை ஏற்கிறார் அல்லது மறுக்கிறார். மறுக்கப்பட்டவர் முதல் மேல்முறையீட்டுக் குழுவிடமும், அங்கும் தோற்றால் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழுவிடமும் போகலாம். இந்தப் படிகளில் ஏறுகிறவர் ஒவ்வொன்றிலும் புதிய பரிசீலனை நடக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடைமுறையில், முதல் வாரியம் எழுதிய வாசகமே ஒரு கோப்பிலிருந்து அடுத்த கோப்புக்கு நகர்ந்து, ஒவ்வொரு படியிலும் இன்னொரு முத்திரையைப் பெற்றுக்கொள்வதே மிகுதி.

ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறான பிழையும் இருந்தது. வாரியம் ஊனத்தை ஏற்று விழுக்காட்டையும் குறித்த பிறகு, அலகாபாத்தில் இருந்த ஓய்வூதியக் கணக்குக் கட்டுப்பாட்டு அலுவலகம் நோயாளியைக் கண்ணால் காணாமலே அந்தக் கருத்தைத் தள்ளிவிடும். நேரில் பரிசோதித்த மருத்துவர்களின் கருத்துக்கு மேலே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லக் கணக்கு அலுவலகத்துக்கு அதிகாரமில்லை என்று 1993 ஜனவரியில் மொஹிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வாயில் அடைபட்டபின் வாரியத்தின் சொல்லே இறுதிச் சொல் போல ஆனது. பிழை இடம்பெயர்ந்து வாரியத்தின் படிவத்துக்குள் குடியேறியது.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், பிரிட்டன் தன் போர் ஓய்வூதிய விதிகளை மாற்றி, நோய் பணியால் வந்தது என்று படைவீரர் நிரூபிக்கவேண்டிய நிலையைக் கைவிட்டு, சந்தேகத்தின் பலனை அவருக்கே அளித்தது; தனி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயங்களையும் அதே ஆண்டில் சட்டத்தால் அமைத்தது. அவ்விதிகளை 1947ஆம் ஆண்டின் மில்லர் வழக்கில் விளக்கிய நீதிபதி டென்னிங், சட்டம் படைவீரருக்குச் சார்பான கட்டாய ஊகத்தைத் தந்திருக்கும் நேர்வுகளில், குற்ற வழக்கில் தேவைப்படும் அளவுக்கு வலுவான எதிர்ச்சான்று இருந்தாலன்றி முடிவு அவர் பக்கமே சாயவேண்டும் என்றார். குற்ற வழக்குகளில் ‘ஐயத்துக்கு இடமின்றி’ நிரூபிப்பது பற்றிப் பேசும்போது உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் இத்தீர்ப்பு, இறந்த படைவீரர் ஒருவரின் மனைவி கேட்ட ஓய்வூதியத்தில் பிறந்தது என்பதைப் பலர் அறிவதில்லை.

அதே சாயலை இந்தியாவின் 1982ஆம் ஆண்டு உரிமை விதிகளில் காணலாம். பணியில் சேரும்போது எழுதி வைக்கப்பட்ட குறைகள் நீங்கலாக, ஒருவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றும், பின்னர் மருத்துவக் காரணத்தால் விலக்கப்பட்டால் அந்த நலக்கேடு பணியால் வந்தது என்றும் 5ஆம் விதி ஊகிக்கச் சொன்னது. உரிமை கோருபவரை எதையும் நிரூபிக்கச் சொல்லக்கூடாது, நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே என்றது 9ஆம் விதி. சேரும்போது குறிக்கப்படாத நோய் பணிக்காலத்தில்தான் தோன்றியது என்று கொள்ளவேண்டும் என்றும், சேர்க்கைப் பரிசோதனையில் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்று மருத்துவக் கருத்துக் கூறுமானால் காரணங்களோடு கூறவேண்டும் என்றும் 14ஆம் விதியின் உட்பிரிவு வகுத்தது. இந்த ஊகம் வெறும் சலுகையன்று. பார்வை, செவி, மார்பளவு, தட்டைப் பாதம், முட்டிக்கால் வரை பார்த்துச் சிறு குறைக்கும் ஆளைத் திருப்பியனுப்பும் சேர்க்கை முகாமின் முடிவை அரசு தன் தேவைக்கு நம்புகிறதென்றால், ஓய்வூதியக் கணக்கின்போதும் அதே முடிவை நம்பவேண்டும் என்ற நேர்மை அதில் இருக்கிறது.

2013 ஜூலை 2ஆம் நாள் தீர்ப்பளிக்கப்பட்ட தரம்வீர் சிங் வழக்கு இந்த விதிகளுக்கு உயிர் கொடுத்தது. 1985இல் சிக்னல் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவர், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பணியாற்றி, 1994 ஏப்ரலில் வலிப்பு நோய்க்காக 20 விழுக்காடு ஊனத்துடன் விலக்கப்பட்டார். ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவருக்குச் சார்பாகவும், இரு நீதிபதிகள் அமர்வு எதிராகவும் தீர்ப்பளித்தபின் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. அங்கே நீதிபதிகள் செய்த முக்கியமான வேலை, மருத்துவ வாரியத்தின் படிவத்தை எடுத்துக் கட்டம் கட்டமாகப் படித்தது. ஒவ்வோர் ஊனத்துக்கும் தன் கருத்தின் காரணங்களை வாரியம் முழுமையாக எழுதவேண்டும் என்று படிவமே கேட்கிறது. பணியால் விளைந்ததா என்ற கட்டத்திலும், பணியால் மோசமானதா என்ற கட்டத்திலும் இல்லை என்றும், தொடர்பில்லாததா என்ற கட்டத்தில் ஆம் என்றும் நிரப்பப்பட்டிருந்தன. தொடர்பில்லையென்றால் நோய்க்கு உண்மையான காரணம் என்ன என்று கேட்ட இடத்திலோ, இராணுவப் பணிக்குத் தொடர்பில்லை என்ற முடிவே திரும்ப எழுதப்பட்டிருந்தது. முடிவையே முடிவுக்குக் காரணமாகக் காட்டிய அந்த ஒற்றை வரியின்மேல்தான் மேலேயிருந்த ஆணைகள் அனைத்தும் கட்டப்பட்டிருந்தன.

காரணம் கூறாத கருத்து 14ஆம் விதி எழுப்பிய ஊகத்தை உடைக்கப் போதாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. நோய் போர்முனையில் தோன்றியதா, அமைதிக்கால முகாமில் தோன்றியதா என்பது பொருட்டன்று என்று மருத்துவப் பணிகளுக்கான 1983ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் 423ஆம் பத்தியே சொல்வதையும் அது எடுத்துக்காட்டியது. படையினரிடையே ‘நானா’ என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் மறுப்பு, அதாவது ‘பணியால் விளையவுமில்லை, பணியால் மோசமாகவுமில்லை’ என்ற வாசகம், தன்னளவில் சான்று ஆகாது என்பது அன்றுமுதல் நிலைபெற்ற சட்டமாயிற்று. 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கும் 2015 பிப்ரவரியில் ராஜ்பீர் சிங் வழக்கும் அதே பாதையில் சென்றன.

எனினும் தீர்ப்புகள் எல்லாம் ஒரே திசையில் ஓடவில்லை. மனநோய் வழக்குகளில் பிளவு தெளிவாகத் தெரிகிறது. மனச்சிதைவு நோய்க்காக விலக்கப்பட்டவரின் வழக்கில், மருத்துவ வாரியத்தின் கருத்துக்கு முதன்மை தரவேண்டும் என்று 2009இல் தாமோதரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறி ஓய்வூதியத்தை மறுத்தது. தரம்வீர் சிங் தீர்ப்பு வந்த அதே 2013இல், வீர்பால் சிங் வழக்கில், வாரியத்தின் கருத்து மதிக்கத்தக்கதாயினும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று என்று சொல்லி, அகராதிகளையும் மருத்துவ நூல்களையும் தானே புரட்டிப் பார்த்து, மறு ஆய்வு மருத்துவ வாரியத்துக்கு உத்தரவிட்டது. 2019 அக்டோபரில் நர்சிங் யாதவ் வழக்கில், இத்தகைய நோயைச் சேர்க்கைப் பரிசோதனையில் கண்டறிய இயலாது என்று கூறி மீண்டும் மறுத்தது. மூன்றாவது தீர்ப்பின் தருக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. கண்டறிந்திருக்க முடியாது என்பது 14ஆம் விதிக்கு விதிவிலக்கு. அந்த விதிவிலக்கை இந்த மனிதரின் இந்த நோய்க்குப் பொருத்திக் காரணத்தோடு எழுதவேண்டும் என்பதே விதியின் நிபந்தனை. ஒரு நோயின் பெயரைக் கேட்டவுடன் அந்த வகை முழுவதையும் வெளியே தள்ளுவதானால் நிபந்தனைக்கு வேலையில்லாமல் போகும். பரம்பரைக் கூறு உள்ள நோயையும் தூக்கமின்மை, தனிமை, இடைவிடாத அழுத்தம் ஆகியவை கிளப்பிவிடக்கூடும் என்பது மருத்துவம் ஏற்ற செய்தியாதலால், பணியால் விளையாத நோய் பணியால் மோசமாகியிருக்கலாம் என்ற இரண்டாவது கேள்வி ஒவ்வொரு முறையும் தனியாகக் கேட்கப்படவேண்டும். மறுப்பாணைகள் மிக எளிதில் தாவிச் செல்வது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

அரசு இதற்கிடையில் விதிகளையே மாற்றியது. 2008ஆம் ஆண்டின் உரிமை விதிகள், சேர்க்கைப் பரிசோதனை முழுமையானதன்று, பணிக்காலத்தில் நோய் வெளிப்பட்டது என்பதால் மட்டும் அது பணியால் வந்தது ஆகிவிடாது என்று கூறி, பழைய ஊகத்தை நீக்கின. ஆயினும் உரிமை கோருபவரைப் பொதுவாக நிரூபிக்கச் சொல்லக்கூடாது என்ற வாசகத்தை அவை விட்டுவிடவில்லை. பணியைவிட்டு 15 ஆண்டுகள் கழித்து வருபவருக்கு மட்டுமே பொறுப்பை மாற்றின. ஊகம் போனாலும் காரணம் எழுதும் கடமை போகவில்லை என்பதை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு சுபேதாரின் நீரிழிவு வழக்கில் விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டியது. அமைதிக்கால முகாமில் இருந்தபோது நோய் தொடங்கியது என்பது ஒரு காரணமே ஆகாது என்று அது கூறியது. அமைதிக்கால முகாமிலும் இரவுக் காவலும் பயிற்சியும் குடும்பத்தைப் பிரிந்த வாழ்வும் உண்டு. முந்தைய ஆண்டுகளில் பனிமலை எல்லையிலே கழித்த பணியின் விளைவு பின்னர் வெளிப்படுவதும் உண்டு.

மேல்முறையீட்டுக் குழுக்களிடம் தோற்றவருக்கு உரிய இடம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2009 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கிய இத்தீர்ப்பாயத்துக்குத் தில்லியில் முதன்மை அமர்வும் சென்னை உள்ளிட்ட நகரங்களில் வட்டார அமர்வுகளும் உள்ளன. தீர்ப்பாயத்தின் ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாமா என்பதே சில ஆண்டுகள் சிக்கலாக இருந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி இருந்தாலன்றி உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடும் இல்லை என்பதால், தீர்ப்பாயத்தில் தோற்ற சிப்பாய்க்குப் பெரும்பாலும் எல்லாக் கதவுகளும் மூடின. 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உயர் நீதிமன்றங்களின் அதிகாரம் மீட்கப்பட்டது.

எந்த அமர்வின் முன் போனாலும் வழக்கின் உயிர் மருத்துவ வாரிய நடவடிக்கைத் தாளில் இருக்கிறது. அது கையில் இல்லாதவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி ஆவண அலுவலகத்திடம், மதராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவராயின் வெலிங்டனில் உள்ள அலுவலகத்திடம், கேட்டுப் பெறலாம். சேர்க்கையின்போது நோய் குறிக்கப்பட்டதா, காரணக் கட்டத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது, மோசமானதா என்ற கேள்விக்குத் தனியே விடை உள்ளதா, நோய் தொடங்கிய காலத்தில் எங்கே பணி என்பவற்றை அதில் வரிவரியாகப் பார்க்கவேண்டும். மாரடைப்பு போன்ற இதய நோய்களில், நோய் தொடங்குவதற்கு முந்தைய 14 நாட்களில் அவர் செய்த பணிகளின் பட்டியலைப் படைப்பிரிவு தரவேண்டும் என்பது மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி நூலின் நெறி. பிரிவு அதை இணைக்காமல் விட்டு, வாரியமும் கேட்காமல் விட்டுத் தொடர்பில்லை என்று எழுதியிருந்தால், அரசின் கையிலிருந்த தாள் இல்லாத குறை நோயாளியின் குறையாக்கப்பட்டிருக்கிறது என்பதே அங்குக் காட்டவேண்டிய பிழை.

பிழை நிரூபிக்கப்பட்டாலும் இழந்தது முழுவதும் திரும்புவதில்லை. 1983இல் விலக்கப்பட்டு 1999இல் உயர் நீதிமன்றம் சென்ற தர்சேம் சிங் வழக்கில், ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் தாமதம் தடையாகாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் நிலுவைத் தொகையை மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் சுருக்கியது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் சட்டம் இதில் வேறுவிதமாக அமைந்தது. இறுதியாகிவிட்ட முடிவிலும் ‘தெளிவானதும் மறுக்கவியலாததுமான பிழை’ இருப்பதாகக் காட்டினால், எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் அது திருத்தப்படும். பயனும் முதல் முடிவிலேயே பிழை நேராதது போல அந்நாளிலிருந்தே கிடைக்கும். அங்கே வாயில் மிகக் குறுகியது. முடிவெடுத்த காலத்தில் நடப்பிலிருந்த விதியைப் பின்பற்றியிருந்தால், அந்த விதி பின்னாளில் தவறென்று தெரிந்தாலும் அது இவ்வகைப் பிழையாகாது என்று 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆயினும், அரசே செய்த பிழையின் விலையை அரசே ஏற்கவேண்டும் என்ற கொள்கை அதில் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் அந்த விலையின் பெரும்பகுதியைப் பிழைக்கு ஆளானவர் கொடுக்கிறார்.

ஓய்வூதியத்தைக் கட்டுப்படுத்த நினைப்போரின் வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற வாழ்க்கைமுறை நோய்களுக்காக ஊனக்கூறு பெற்று ஓய்வு பெறுவோர், குறிப்பாக அதிகாரிகள், மிகுந்துவருவதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023இல் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த புதிய விதிகள், ஊனத்தோடு பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுவோருக்கான தொகைக்கு வேறு பெயரும் இறுக்கமான வரையறைகளும் கொண்டுவந்தன. தகுதியில்லாத கோரிக்கைகளைத் தடுக்கவும் காரணம் எழுதுவதே சரியான கருவி. ஒருவரின் நீரிழிவு பணியால் வந்ததன்று என்பதற்குக் குடும்ப வரலாறும் எடைப் பதிவேடும் மருத்துவ அறிவுரையை மீறிய சான்றும் இருந்தால், அவற்றை ஐந்து வரிகளில் எழுதும் வாரியத்தின் கருத்து எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். அந்த ஐந்து வரி உழைப்பைத் தவிர்த்துவிட்டு, தோற்றபின் மேல்முறையீடு செய்வதில் செலவிடப்படும் உழைப்பு பன்மடங்கு. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழு 2015 நவம்பரில் அளித்த அறிக்கையில், ஊனமுற்ற படைவீரர்களுக்கு எதிராக அமைச்சகம் தொடுக்கும் மேல்முறையீடுகளைக் குறைக்கும்படி பரிந்துரைத்தது. பத்தாண்டுகள் கழித்தும், தீர்ப்பாய ஆணைகளை எதிர்த்து அரசு கொண்டுவந்த மனுக்களைத் தில்லி உயர் நீதிமன்றம் பெருந்தொகுதியாகத் தள்ளுபடி செய்யவேண்டியிருந்தது.

வழக்குத் தொடுத்தவர்களுக்கு மட்டுமே இத்தீர்ப்புகள் பயன்படுகின்றன. 2013க்கு முன் காரணமில்லாத ஒற்றை வரியால் மறுக்கப்பட்டவர்களின் கோப்புகளை அமைச்சகமே எடுத்து மறுபரிசீலனை செய்தாலன்றி, தீர்ப்பாயம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஊரில் வாழும் முன்னாள் சிப்பாய்களையும் அவர்களுடைய மனைவியரையும் இவற்றின் பயன் எட்டாது. அந்த வேலையைத் தள்ளிப்போடவும் இயலாது. ஓய்வூதியம் பெறாதவரின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடலாம் என்று தரைப்படை ஒழுங்குமுறைகள் அனுமதிப்பதால், தவறாக மறுக்கப்பட்டு ஓய்வூதியம் பெறாதவர் ஆனவரின் மருத்துவ வாரியத் தாளும் அந்தக் கெடுவுக்குள் அடங்கும். 1990களில் விலக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கெடு கடந்துவிட்டது. 2000க்குப் பின் விலக்கப்பட்டவர்களுக்கு இப்போது ஒவ்வோர் ஆண்டாகக் கடந்துகொண்டிருக்கிறது.